ஒரு டாலர் போட்டால் 140 டாலர்: மனித ஜீனோம் திட்டத்தின் பலனை அளந்த கதை

மனித ஜீனோமை, அதாவது மனித டிஎன்ஏவின் முழுத் தொகுப்பை, வரைபடமாக்கப் போட்ட ஒவ்வொரு டாலரும் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு 140 டாலராகத் திரும்பி வந்திருக்கிறது என்று 2013 பிப்ரவரியில் ஒபாமா சொன்னார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன்னால், வருடாந்தர உரையில், "ஒவ்வொரு டாலரும்" என்று இரண்டாம் முறை அழுத்தியும் சொன்னார். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு நிற்பவர்களுக்கு இதைவிட இனிப்பான வரி கிடைக்காது, அதனால்தான் உயிரியல் ஆராய்ச்சிக்கு ஏன் பொதுப் பணம் தர வேண்டும் என்ற பேச்சு எழும் இடத்திலெல்லாம் இந்த எண் தலைகாட்டுகிறது.

எண் பொய் இல்லை. ஒரு கணக்கைப் போட்டு வந்த விடைதான். ஆனால் நாம் கேட்க நினைத்த கேள்விக்கு அது விடை இல்லை, வேறொரு கேள்விக்கு விடை. பல நாடுகள் சேர்ந்து பணம் போடும் உயிரியல் ஆராய்ச்சியின் பலனை எப்படி அளப்பது என்று யோசிப்பவர்களுக்கு ஒரே ஒரு திட்டத்தைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். காரணம், இதே திட்டத்தை இரண்டு தரப்பினர் முற்றிலும் வேறான வழிகளில் அளந்திருக்கிறார்கள். ஒரு கணக்கு அதிபர் உரை வரை போனது. இன்னொன்று பொருளியல் வட்டத்துக்கு வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை. சரக்கு இருப்பது இரண்டாவதில்.

முதலில் திட்டம்: மனித டிஎன்ஏவின் எழுத்துகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று கண்டறிவது. 1990 அக்டோபரில் தொடங்கியது. 15 ஆண்டு, 300 கோடி டாலர் என்று திட்டமிட்டார்கள். 2003 ஏப்ரலில் முடிந்ததாக அறிவித்தார்கள். (உண்மையில் அப்போது முடிந்தது சுமார் 92 சதவீதம்தான், மிச்சம் 8 சதவீதம் 2022இல்தான் வெளிவந்தது, அது தனிக்கதை.) அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, சீனா என்று ஆறு நாடுகளில் 20 மையங்கள் வேலை செய்தன. பிரிட்டனின் சாங்கர் மையம் மட்டும் மொத்த வரிசையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைச் செய்தது. அதற்குப் பெரும்பாலும் பணம் கொடுத்தது வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. சீனா 1999இல் சேர்ந்து 1 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. இடையில், 1998இல், கிரெய்க் வென்டர் தலைமையில் செலரா என்ற தனியார் நிறுவனம் களத்தில் இறங்கி, இதே வேலையைச் சீக்கிரமாகவும் மலிவாகவும் முடித்துக் காட்டுகிறேன் என்றது. 2001 பிப்ரவரியில் இரண்டு வரைவுகளும் வெளிவந்தன, பொதுத் திட்டத்துடையது நேச்சர் இதழில், செலராவுடையது சயின்ஸ் இதழில். இந்தப் போட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

141 எப்படி வந்தது

2011 மே மாதம் பேட்டெல் என்ற ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1988 முதல் 2010 வரை அமெரிக்காவில் ஜீனோம் சார்ந்த ஆராய்ச்சியும் தொழிலும் சேர்ந்து 79,600 கோடி டாலர் மதிப்புள்ள பொருளாதார நடவடிக்கையை உண்டாக்கின என்றது அந்த அறிக்கை. 2010இல் மட்டும் 6,700 கோடி டாலர், 3,10,000 வேலைகள். அமெரிக்க அரசு திட்டத்துக்குச் செலவிட்டது 380 கோடி டாலர். அதை 2010ஆம் ஆண்டு மதிப்புக்கு மாற்றினால் 560 கோடி. வகுத்துப் பார்த்தார்கள், ஒன்றுக்கு 141 என்று வந்தது. மேடைக்கு 140.

இந்த 79,600 கோடியைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டது உள்ளீடு–வெளியீடு மாதிரி. அது வேலை செய்யும் விதம் எளிது. ஜீனோம் துறையில் இருக்கும் நிறுவனங்கள் எவ்வளவு செலவு செய்கின்றன என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த நிறுவனங்கள் வேதிப்பொருளும் கருவியும் வாங்குவதால் மற்ற நிறுவனங்களுக்குப் போகும் பணத்தை அதோடு சேர்ப்பார்கள். அப்புறம் இவர்கள் எல்லோரிடமும் சம்பளம் வாங்குபவர்கள் வீடு, சாப்பாடு, துணி என்று செலவழிப்பதையும் சேர்ப்பார்கள். ஒவ்வொரு துறைக்கும் இதற்கென்று ஒரு பெருக்கி எண் உண்டு. அதைப் போட்டால் மொத்தத் தொகை வந்துவிடும்.

சரி, இதில் என்ன தவறு? பணம் எவ்வளவு தூரம் சுற்றியது என்று தெரிந்துகொள்வதற்கு இது நல்ல வழிதான், ஒரு தொழிற்சாலையை மூடினால் ஊருக்கு என்ன ஆகும் என்பது போன்ற கேள்விகளுக்கு உதவும். ஆனால் ஜீனோம் துறையில் வேலை பார்க்கும் வேதியியல் பட்டதாரி, ஜீனோம் துறையே இல்லாவிட்டால் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்று இந்த மாதிரி வைத்துக்கொள்கிறது. அவர் மருந்து நிறுவனத்திலோ கணினித் துறையிலோ இருந்திருப்பார். அங்கும் சம்பளம் வாங்கியிருப்பார், அங்கும் துணி வாங்கியிருப்பார். அதே பணத்தைச் சாலை போடச் செலவழித்திருந்தாலும் அதற்கும் ஒரு பெருக்கி எண் இருக்கிறது.

இன்னொரு கோளாறு இதைவிட விசித்திரமானது. இந்தக் கணக்கில் யாருக்கும் உடம்பு குணமாவதில்லை. நலவாழ்வு, விவசாயம், குற்றப் புலனாய்வு என்று ஜீனோம் அறிவு எங்கெல்லாம் பயன்படுகிறது என்பதை அறிக்கை எழுத்தில் விளக்குகிறது, ஆனால் 141க்குள் அது எதுவும் எண்ணாக நுழையவில்லை. நுழைந்தது செலவும் வருமானமும்தான். யோசித்துப் பாருங்கள்: யாருக்கும் உதவாத, விலை அதிகமான பரிசோதனைகள் ஆயிரம் சந்தைக்கு வந்து நன்றாக விற்றால் இந்த விகிதம் ஏறும். ஒரே ஒரு மலிவான சிகிச்சை வந்து ஒரு நோயையே ஒழித்து, அதைச் சுற்றியிருந்த தொழிலைப் படுக்க வைத்தால் விகிதம் இறங்கும். உயிரியல் ஆராய்ச்சியின் பலனை அளக்க இப்படி ஓர் அளவுகோலைத் தெரிந்தே யாரும் தேர்ந்தெடுப்பார்களா?

மேலே இருக்கும் எண்ணும் கீழே இருக்கும் எண்ணும் ஒரே வகையைச் சேர்ந்தவையும் இல்லை. மேலே துறை முழுவதும், 2010 வரை. கீழே 2003இல் முடிந்த ஒரு திட்டத்தின் அரசுச் செலவு மட்டும். 2013இல் இதே பேட்டெல் கணக்கைப் புதுப்பித்தபோது, பின்னால் அரசு ஜீனோம் ஆராய்ச்சிக்குப் போட்ட பணத்தையும் சேர்த்து 1,450 கோடி டாலர் என்று எடுத்துக்கொண்டது. மேலே இருந்த தொகை 96,500 கோடியாக ஏறியிருந்தும் விகிதம் ஒன்றுக்கு 65 என்று பாதிக்கும் கீழே வந்தது. உலகத்தில் பலன் எதுவும் குறையவில்லை, எதை எதால் வகுப்பது என்பது மாறியது, அவ்வளவுதான்.

முதல் அறிக்கைக்குப் பணம் கொடுத்தது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லைஃப் டெக்னாலஜீஸ் என்ற, மரபணு வரிசையறியும் கருவிகளைத் தயாரித்த நிறுவனத்தின் அறக்கட்டளை. அந்த நிறுவனம் 2008இல் உருவானதே அப்ளைடு பயோசிஸ்டம்ஸும் இன்விட்ரோஜனும் இணைந்துதான், செலராவும் அப்ளைடு பயோசிஸ்டம்ஸும் ஒரு காலத்தில் ஒரே தாய் நிறுவனத்தின் பிள்ளைகள். இதனால் கணக்கு தப்பாகிவிடாது. ஆனால் பலனை மதிப்பிடும் அறிக்கை எதைப் படித்தாலும் முதல் பக்கத்தில் நான் தேடுவது இந்த வரியைத்தான்.

மற்ற நாடுகள் எங்கே?

வெல்கம் டிரஸ்ட் போட்ட பணம் இந்த வகுத்தலில் இல்லை. ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, சீனா போட்டதும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு வரிசை பிரிட்டனில் செய்யப்பட்டது, ஆனால் அந்த வரிசையை வைத்து அமெரிக்க நிறுவனங்கள் சம்பாதித்ததெல்லாம் அமெரிக்க அரசின் 380 கோடி டாலர் ஈட்டிய வருமானமாகக் கணக்கில் ஏறிவிட்டது. மறுபக்கம், அமெரிக்கா செய்த வரிசையை வைத்து வெளிநாடுகளில் நடந்தது எதுவும் கணக்கில் வரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

பேட்டெல் செய்த தனிப்பட்ட தவறாக இதைப் பார்க்க மாட்டேன். பன்னாட்டு நிதியை அளக்கும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு, ஏனென்றால் பணத்துக்கு நாடு உண்டு, முடிவுகளுக்கு நாடு கிடையாது. 2008இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு இதை ஒளிக்காமல் எதிர்கொண்டது. இதய நோய் ஆராய்ச்சியில் அரசும் அறக்கட்டளைகளும் போட்ட ஒரு பவுண்டு, ஆண்டுதோறும் 39 பென்ஸுக்குச் சமமான பலன் தருகிறது என்று அது கணக்கிட்டது. அதில் 9 பென்ஸ் மட்டும் மக்களின் நலத்திலிருந்து, மீதி 30 பென்ஸ் பொருளாதாரம் முழுவதற்கும் கசிந்த பலன். பிரிட்டிஷ் நோயாளிகள் பெற்ற நன்மையில் பிரிட்டிஷ் ஆராய்ச்சிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டு, மருத்துவ வழிகாட்டி நெறிகளில் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் பிரிட்டன் கட்டுரைகள் எத்தனை என்று எண்ணி, சுமார் 17 சதவீதம் என்று வைத்துக்கொண்டார்கள். பணம் போட்டதிலிருந்து நோயாளியைச் சேரும் வரை ஆகும் காலமும் தற்செயலாக 17 ஆண்டுகள்தான். அந்த 17 சதவீதத்தை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம், மாற்றியும் போட்டுப் பார்க்கலாம். அப்படிச் செய்ய முடிகிறதே, அதுதான் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது. 140இல் சண்டை போட ஒரு கைப்பிடிகூட இல்லை.

திட்டம் இல்லாமல் போயிருந்தால்

நிதியின் பலன் என்றால் பணம் இருந்ததால் நடந்ததற்கும், இல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமோ அதற்கும் உள்ள வித்தியாசம். பெரும்பாலான திட்டங்களில் இந்த இரண்டாவது பாதி கற்பனையாகவே நின்றுவிடும். மனித ஜீனோம் திட்டத்தில் அது பாதி கண்ணுக்குத் தெரிந்தது, செலராவின் உருவத்தில். பொதுத் திட்டம் இல்லாவிட்டால் மனித ஜீனோம் தெரியாமலேயே போயிருக்கும் என்று சொல்ல முடியாது. செலரா பொதுத் திட்டத்தின் தரவையும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது என்பதால் தனியாக இவ்வளவு வேகமாக முடித்திருக்காது, ஆனால் சில ஆண்டுகள் கழித்தாவது யாராவது முடித்திருப்பார்கள். முடித்து, பூட்டி வைத்து, சாவியை வாடகைக்கு விட்டிருப்பார்கள். அப்படியானால் பொதுப் பணம் வாங்கிக் கொடுத்தது இரண்டு விஷயங்கள்தான்: சில ஆண்டுகள் முன்கூட்டி, எல்லோருக்கும் திறந்தபடி.

திறந்தபடி என்பது தானாக வரவில்லை. 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகளும் நிதி தருபவர்களும், பொதுப் பணத்தில் கண்டறியும் வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட்டுவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் இதற்காக விடாப்பிடியாக நின்றார்கள். முதலில் தானே கட்டுரை எழுதிவிட்டு அப்புறம் தரவைத் தருவது என்ற ஆராய்ச்சி உலகப் பழக்கத்துக்கு இது நேர் எதிர்.

இந்தத் திறப்பின் மதிப்பைத்தான் ஹெய்டி வில்லியம்ஸ் என்ற பொருளியலாளர் அளந்தார். அவருடைய ஆய்வு 2013இல் ஜர்னல் ஆஃப் பொலிடிகல் எகானமியில் வந்தது. அவர் பிடித்துக்கொண்ட நூல் இது: சில மரபணுக்களை 2001இல் செலரா மட்டுமே வரிசைப்படுத்தி வைத்திருந்தது. அவற்றைப் பயன்படுத்த செலராவின் ஒப்பந்த விதிகளுக்கு உட்பட வேண்டும், விற்பனைப் பொருள் செய்ய நினைப்பவர்கள் உரிமத்துக்குப் பேரம் பேச வேண்டும். 2003க்குள் பொதுத் திட்டமும் அதே மரபணுக்களை வரிசைப்படுத்தி வெளியிட்டுவிட்டதால் அந்தப் பிடி தளர்ந்துபோனது. ஆக, ஒரே மனித ஜீனோமில், ஒரே காலத்தில், சில மரபணுக்கள் திறந்திருந்தன, சில அதிகபட்சம் இரண்டு ஆண்டு பூட்டியிருந்தன. யாரும் திட்டமிடாத சோதனை, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு குழுக்கள் தயார்.

பூட்டியிருந்த மரபணுக்களைப் பற்றிப் பின்னால் நடந்த ஆராய்ச்சியும் அவற்றிலிருந்து வந்த நோயறியும் பரிசோதனைப் பொருள்களும் 20 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருந்தன. பூட்டு திறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அவை முழுசாக எட்டிப் பிடிக்கவில்லை. இதற்கு நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு: செலராவிடம் மட்டும் மாட்டிய மரபணுக்கள் முதலிலேயே சுவாரசியம் குறைந்தவையாக, பொதுத் திட்டம் கடைசிக்கு ஒதுக்கியவையாக இருக்கலாமே? வில்லியம்ஸ் இதை விட்டுவிடவில்லை. அதே மரபணு பூட்டியிருந்தபோதும் திறந்த பிறகும் எப்படி இருந்தது என்றும் தனியாக ஒப்பிட்டார், அதிலும் அதே திசைதான்.

இங்கே நிறுத்தினால் "தனியுடைமை வந்தால் ஆராய்ச்சி சாகும்" என்று கொடி பிடிக்கலாம். ஆனால் அவரும் பவன் சம்பத்தும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கெடுத்துவிட்டது. காப்புரிமை பெற்ற மரபணுக்களையும் விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவற்றையும், விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தில் கறாரான பரிசோதகரிடம் போனதா தாராளமான பரிசோதகரிடம் போனதா என்ற அதிர்ஷ்ட வித்தியாசத்தை வைத்து ஒப்பிட்டார்கள். பின்தொடரும் ஆராய்ச்சியில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை. காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் வரிசையை எல்லோரும் பார்க்க வெளியிட்டாக வேண்டும், செலராவின் ஒப்பந்தத்தில் அது இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எதுவானாலும், நிதி தருபவருக்கு இது பயன்படுகிற பதில்: எந்த விதி தடுக்கிறது, எந்த விதி தடுக்கவில்லை என்று தெரிகிறது. 140ஐ வைத்துக்கொண்டு அடுத்த திட்டத்தில் எதை மாற்றுவீர்கள்? கூடுதல் பணம் கேட்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

நோபல் எண்ணுவது

பெரும்பாலான பன்னாட்டு நிதி அமைப்புகளுக்கு இப்படி ஒரு செலரா வாய்ப்பதில்லை, அதனால் கையில் கிடைப்பதை எண்ணுகிறார்கள். ஹியூமன் ஃபிரன்டியர் சயின்ஸ் புரோகிராம் என்ற அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். 1987 வெனிஸ் ஜி7 மாநாட்டில் ஜப்பான் பிரதமர் நாகசோனே முன்வைத்த யோசனை, 1989இல் பிரான்ஸின் ஸ்டிராஸ்பூர்க்கில் அமைப்பாக நின்றது. வெவ்வேறு நாடுகளின் ஆய்வாளர்கள் குழுவாக விண்ணப்பிக்க வேண்டும், முன்கூட்டியே முடிவுகளைக் காட்டத் தேவையில்லை, துணிச்சலான யோசனையாக இருந்தால் போதும் என்பது அதன் பாணி. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது. ஆனால் தங்களிடம் நிதி பெற்றவர்களில் 25க்கும் மேற்பட்டோர் பின்னால் நோபல் வாங்கியிருக்கிறார்கள் என்பதை அவர்கள் முன்னால் வைக்கும்போது, அது அவர்களுடைய தேர்வுக் குழுவின் கூர்மைக்குச் சான்று. பணத்தின் பலனுக்குச் சான்றா என்பது வேறு கேள்வி. அந்த ஆள் அந்த நல்கை, அதாவது ஆய்வு நிதி, இல்லாமலும் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாரா?

இதைச் சோதிக்க வழி இல்லாமல் இல்லை. பிரையன் ஜேக்கப், லார்ஸ் லெஃப்கிரென் இருவரும் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களிடம் விண்ணப்பித்தவர்களில், மதிப்பெண் கோட்டுக்கு மயிரிழையில் மேலே இருந்து பணம் பெற்றவர்களையும் மயிரிழையில் கீழே விழுந்து பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். 2011இல் வந்த அந்த ஆய்வின்படி, சுமார் 17 லட்சம் டாலர் நல்கை அடுத்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகத் தந்தது ஏறக்குறைய ஒரு கட்டுரை, அதாவது 7 சதவீதம். பணம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இங்கே தோற்றவர் வேறொரு இடத்தில் பணம் பெற்று வேலையைத் தொடர்ந்திருக்கலாம் என்பதே அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. பன்னாட்டு நிதிக்கு இது இன்னும் பொருந்தும். சொந்த நாட்டில் தாராளமாகப் பணம் கிடைக்கும் ஆய்வாளருக்கும் வேறு கதவே இல்லாத நாட்டு ஆய்வாளருக்கும் ஒரே தொகையைத் தந்தால், கூடுதலாக நடப்பது ஒரே அளவாக இருக்க முடியாது. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணும் அறிக்கையில் முதலாமவர்தான் ஜொலிப்பார்.

யாருக்கான பலன்

2009 வரை மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடிய பெரிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர். 2016இல் 81 சதவீதம் ஆனது, அந்த மாற்றமும் பெரும்பாலும் ஆசியர்கள் சேர்ந்ததால். ஆப்பிரிக்க வம்சாவளியினர் சுமார் 3 சதவீதம். தரவு எல்லோருக்கும் திறந்திருந்தது, யாருடைய உடம்பைப் பற்றிய தரவு என்பது அப்படி இல்லை.

2010இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களும் வெல்கம் டிரஸ்டும் அறிவித்த, ஆப்பிரிக்காவில் ஜீனோம் ஆராய்ச்சியை வளர்க்கும் எச்3ஆப்பிரிக்கா திட்டம் இதற்காக வந்ததுதான். பணம் நேரடியாக ஆப்பிரிக்க நிறுவனங்களுக்குப் போனது. உயிரியல் மாதிரிகளுக்கான சேமிப்பகங்கள், கணினிவழி உயிரியல் பயிற்சிக்கான வலையமைப்பு எல்லாம் அதில் அடங்கும். 2020இல் அவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, 50 இன, மொழிக் குழுக்களைச் சேர்ந்த 426 பேரின் ஜீனோமிலிருந்து அதுவரை யாரும் பதிவு செய்யாத 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மாறுபாடுகளைக் காட்டியது. ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒரு சிறிய விதி. பெர்முடாவின் 24 மணி நேரம் இங்கே கைவிடப்பட்டது. தரவைச் சேகரித்தவர்கள் முதலில் தாங்களே ஆராய்ந்து வெளியிட அவகாசம் வைத்தார்கள், ஏனென்றால் உடனே திறந்துவிட்டால் கணினியும் ஆளும் அதிகமுள்ள வெளிநாட்டு ஆய்வகங்கள் முந்திக்கொள்ளும், மாதிரி எடுத்தவர் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் நடுவே வரும் பெயர்களில் ஒருவராகச் சுருங்கிவிடுவார்.

வில்லியம்ஸின் அளவுகோலை இதன்மேல் வைத்தால் இந்தத் தாமதம் இழப்பாகத் தெரியும். திட்டத்தின் நோக்கமே அங்கே ஆய்வாளர்களை வளர்ப்பது என்றால் அதே தாமதம்தான் முதலீடு. இதைத் தீர்க்க ஒரு விகிதம் போதாது. எச்3ஆப்பிரிக்காவின் நிதி 2022இல் முடிந்துவிட்டது. என்னை மதிப்பிடச் சொன்னால் கட்டுரை எண்ணிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சேமிப்பகங்களின் மின் கட்டணத்தை இப்போது யார் கட்டுகிறார்கள், பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் அங்கேயே சொந்தமாக நல்கை பெற்றுக் குழு நடத்துகிறார்கள், திட்டத்துக்கு விண்ணப்பித்து நூலிழையில் தவறவிட்ட ஆய்வாளர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற மூன்றையும் முதலில் கேட்பேன். மூன்றாவதற்குப் பதில் சொல்ல, நிராகரித்த விண்ணப்பங்களின் பட்டியலையும் மதிப்பெண்களையும் நிதி தந்தவர்கள் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.